டெகார்ட்டைப் படிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை: எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ் தளம், ஒரு பிசியோவின் பார்வையில்

உளவியல் பாடநூல்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. கிரேக்கர்களுக்கு ஒரு பத்தி, பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட்டுக்கு அரைப் பக்கம், அந்த அரைப் பக்கத்திலும் பாதியை அடைத்துக்கொண்டு மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பிக்கு அம்புக்குறி போட்ட ஒரு படம். அப்புறம் சட்டென்று 1879, ஜெர்மனியின் லைப்சிக், வில்ஹெல்ம் வுண்ட், முதல் உளவியல் ஆய்வுக்கூடம். நடுவில் இருநூறு வருஷத்துக்கு மேல் யாரும் எதுவும் யோசிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். தேர்வுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை, ஏனென்றால் என் பிழைப்பே அந்த நடுவில் கிடக்கும் கேள்வியின் மேல்தான் ஓடுகிறது.

ஈரோட்டில் சின்னதாக ஒரு பிசியோதெரபி மையம் வைத்திருக்கிறேன். பகலெல்லாம் இடுப்பு, முழங்கால், தோள்பட்டை. ராத்திரியில் தொலைநிலைக் கல்வியில் உளவியல் எம்.எஸ்ஸி. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர் இடுப்பு வலியோடு வந்துகொண்டிருந்தார். எம்ஆர்ஐயில் சொல்லும்படி ஒன்றும் இல்லை. "மனசுல பாரம் இருந்தாலும் வலி கூடுமுங்கண்ணா" என்று பக்குவமாகத்தான் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. "அப்ப நான் நடிக்கறேன்னு சொல்றீங்களாங்க மேடம்?"

வலி உடம்பில் இருந்தால் நிஜம், மனதில் இருந்தால் நடிப்பு. இந்தப் பாகப்பிரிவினையைச் செய்து வைத்தவர் டெகார்ட் என்று பாடநூல் சொல்கிறது. நான் பேசும் டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். வகுப்பில் யாரும் அவரைப் படித்ததில்லை, நான் உட்பட. சரி, ஆளை நேரில் பார்த்துவிடலாம் என்று தேடியபோது கிடைத்ததுதான் எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ் என்ற இணையதளம்.

இதை உருவாக்கியவர் ஜொனாதன் பென்னட். நியூசிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ், பிரிட்டிஷ் கொலம்பியா, சிரக்யூஸ் பல்கலைக்கழகங்களில் தத்துவம் கற்பித்தவர். 2024இல் காலமானார். டெகார்ட், ஹாப்ஸ், ஸ்பினோசா, லாக், லைப்னிஸ், பெர்க்லி, ஹ்யூம், ரீட், கான்ட் என்று பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்களின் நூல்களை எடுத்து, வாதத்தில் கை வைக்காமல் வாக்கியங்களை மட்டும் இன்றைய வாசகருக்குத் தோதாக உடைத்துப் போட்டு, இலவசமாக வைத்திருக்கிறார். லாக்கும் ஹ்யூமும் ஆங்கிலத்திலேயே எழுதியவர்கள்தானே, அவர்களை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்கத் தோன்றும். லாக்கின் மூலத்தை ஒரு பக்கம் படித்துப் பார்த்தால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். வாக்கியம் தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் எழுவாய் எதுவென்று மறந்துபோகும். பென்னட்டின் கையில் அதே லாக் நமக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிறார். பிளஸ் டூ ஆங்கிலம் போதும், அகராதி எப்போதாவதுதான் வேண்டும்.

பயன்படுத்துவது சுலபம். ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் இருக்கின்றன. பெயரைத் தொட்டால் நூல்கள், நூலைத் தொட்டால் பிடிஎஃப். கணக்குத் தொடங்கு, கைபேசி எண்ணைக் கொடு என்ற தொல்லை இல்லை. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஒரு சிறு குறிப்பு இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பென்னட் தன் கைவேலையை எங்கெங்கே செய்திருக்கிறார் என்பதை அங்கேதான் சொல்கிறார். சின்னச் சின்னப் புள்ளிகளுக்கு நடுவே வருவது அவர் சேர்த்த சொற்கள். சதுர அடைப்புக்குறிக்குள் வருவது அவருடைய விளக்கம். வரிசையாக நான்கு புள்ளி வந்தால், படும் பாட்டுக்குத் தகுந்த பலன் இல்லை என்று ஒரு சிறு பகுதியை விட்டுவிட்டார் என்று அர்த்தம். பெரிதாக எதையாவது விட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எல்லோரும் டெகார்ட்டின் ‘தியானங்கள்’ நூலில் தொடங்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். டெகார்ட் பெயருக்குக் கீழே, பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) இளவரசி எலிசபெத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து இருக்கிறது. நேராக அங்கே போங்கள்.

எலிசபெத் 1618இல் ஹைடல்பர்க்கில் பிறந்தவர். அப்பா பொஹீமியாவின் அரசராக முடிசூடி, அடுத்த வருஷமே, 1620இல், வெள்ளை மலைப் போரில் எல்லாவற்றையும் இழந்தவர். குடும்பம் ஹேக் நகரத்தில் அகதியாக இருந்தது. 1643 மே மாதம், 24 வயதில், அவர் டெகார்ட்டுக்கு முதல் கடிதம் எழுதுகிறார். சுற்றி வளைக்காத கேள்வி. ஒரு பொருள் அசைய வேண்டுமென்றால் எதுவாவது அதைத் தள்ள வேண்டும், தள்ளுவதற்குத் தொட வேண்டும், தொடுவதற்கு இடத்தை அடைத்திருக்க வேண்டும். ஆன்மா என்பது சிந்திப்பது மட்டுமே, அதற்கு நீள அகலம் எதுவும் கிடையாது என்கிறீர்கள். அப்படியானால் நான் கையைத் தூக்க நினைத்ததும் கை எப்படி எழுகிறது?

ஐரோப்பாவே கொண்டாடிய, 47 வயது தத்துவஞானி. பதில் சொல்லத் திணறுகிறார். இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் அந்தத் திணறல் அப்பட்டமாகத் தெரியும். பொருளின் கனத்தை நினைத்துப் பாருங்கள் என்கிறார். கனம் என்ற குணம் கல்லைக் கீழே இழுக்கிறது என்று நாம் நினைக்கும்போது, கனம் கல்லை எங்கே தொட்டது என்று கேட்பதில்லையே, ஆன்மாவும் அப்படித்தான். எலிசபெத் விடுவதாக இல்லை. கனத்தைப் பற்றிய அந்தப் பழைய எண்ணமே தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பியவர் நீங்கள்தானே, அதை வைத்து இதை எப்படி ஒப்புக்கொள்வது என்று கேட்கிறார். வீட்டுப் பொறுப்புகள், தவிர்க்க முடியாத விருந்துப் பேச்சுகள், இவற்றுக்கு நடுவில் யோசிப்பதால் புத்தி மந்தமாக இருக்கிறது, மன்னியுங்கள் என்று அடக்கமாகத் தொடங்கிவிட்டுத்தான் இந்த அடி. உடம்பு இல்லாத ஒன்று உடம்பை அசைக்கும் என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆன்மாவுக்கும் ஏதோ பருப்பொருள் தன்மை இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது எனக்குச் சுலபம் என்று முடிக்கிறார்.

ஜூன் 28ஆம் தேதி டெகார்ட் எழுதிய பதிலைப் பாடநூல் எழுதுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உடம்பும் மனமும் ஒன்றாய் இருப்பதைத் தத்துவம் யோசித்துப் புரிந்துகொள்ள முடியாது, அன்றாட வாழ்க்கையிலும் பேச்சிலும் புழங்குவதாலேயே அது தெரியவரும் என்கிறார். வெறும் அறிவை மட்டும் வேலை வாங்கும் சிந்தனைக்குத் தான் ஒதுக்குவது வருஷத்தில் சில மணி நேரம்தான் என்றும் சொல்கிறார். ஆன்மாவுக்குப் பருப்பொருள் தன்மை இருப்பதாக நினைப்பது வசதியாக இருந்தால் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சலுகை வேறு. இவரா மனத்தையும் உடம்பையும் வெட்டிப் பிரித்த கசாப்புக்காரர்? எலிசபெத்துக்கு இதுவும் திருப்தியில்லை. ஆன்மா உடம்பை அசைக்கிறது என்று புலன்கள் காட்டுகின்றன, எப்படி அசைக்கிறது என்று அவை சொல்லித்தருவதில்லையே என்று ஜூலையில் எழுதுகிறார். நரம்பியல் இத்தனை தூரம் வளர்ந்த பிறகும் அந்த வரி அப்படியே நிற்கிறது.

1645 கடிதங்களுக்கு வந்தபோது நான் என் தொழிலுக்குள் வந்துவிட்டேன். எலிசபெத்துக்கு விடாத காய்ச்சல், வறட்டு இருமல். குடும்பத்தின் மேல் விழும் துயரங்களால் வரும் சோகம்தான் காரணம் என்று டெகார்ட் கணிக்கிறார். அதற்கு எலிசபெத் எழுதும் பதில் கிட்டத்தட்ட ஒரு நோயாளி வரலாறு. மனத்தின் வேதனைகள் உடம்பைச் சுலபமாகப் பிடித்துக்கொள்கின்றன, உடம்புக்கோ தானாக மீண்டு வரும் பலம் இல்லை, ஒரு அதிர்ச்சியில் குலைந்தது சரியாகப் பல மாதம் ஆகிறது, அந்த மாதங்கள் கழிவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. என் மையத்தில் இதே வாக்கியத்தைக் கொங்குத் தமிழில் கேட்டிருக்கிறேன்.

டெகார்ட் சொல்லும் வைத்தியத்தையும் பாருங்கள். ஒருவருக்கு வாழ்க்கையில் எந்தக் குறையும் இல்லை, ஆனால் நாள் முழுக்கச் சோக நாடகங்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவை கற்பனை என்று அறிவுக்குத் தெரிந்தாலும் நெஞ்சு இறுகத்தான் செய்யும், உடம்பு கெடத்தான் செய்யும். ஆகவே காட்டின் பச்சையை, பூவின் நிறத்தை, பறவை பறப்பதைப் பார்த்துக்கொண்டு, எதையும் யோசிக்காமல் இருக்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறவர்களைப் போல இருங்கள். அது நேரத்தை வீணாக்குவது அல்ல, நல்லபடியாகச் செலவழிப்பது. தன் சொந்தக் கதையையும் சேர்த்துக்கொள்கிறார். அம்மா மனக்கவலையால் வந்த நுரையீரல் நோயில் இறந்தார், அவரிடமிருந்து வறட்டு இருமலும் வெளிறிய நிறமும் தனக்கு வந்தன, இருபது வயதுக்கு மேலும் அவை விடவில்லை, பார்த்த மருத்துவர்கள் எல்லோரும் இளவயதிலேயே போய்விடுவான் என்றார்கள், எதையும் நல்ல பக்கத்திலிருந்து பார்க்கும் பழக்கத்தால் அது மெல்ல விலகியது.

இப்போது செயலிகளில் மாதச் சந்தா கட்டி நாம் கேட்கும் ஆலோசனை இது. எனக்கு இது முழுசாகச் சம்மதம் இல்லை. நாட்டை இழந்த குடும்பத்துப் பெண்ணைப் பார்த்துப் பூவைப் பார் என்று சொல்வது கொஞ்சம் லேசான காரியம்தான். எலிசபெத்தும் நாசூக்காக அதைத்தான் உணர்த்துகிறார். ஆனால் மனத்தின் பாரம் உடம்பில் நிஜமான நோயாக இறங்கும் என்பதில் இருவருக்கும் துளி சந்தேகம் இல்லை. நடிப்பு என்ற பேச்சே எழவில்லை.

உணர்ச்சிகள் என்றால் என்ன, வகைப்படுத்திச் சொல்லுங்கள் என்று எலிசபெத் அந்த வருஷம் கேட்டதன் விளைவுதான் 1649இல் வெளிவந்த ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’. அதுவும் தளத்தில் இருக்கிறது. 212 சிறு பகுதிகள். பெரும்பாலானவை ஒரு கைபேசித் திரைக்குள் அடங்கிவிடும். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் ஒன்றைப் படித்துவிடலாம். வியப்பு, அன்பு, வெறுப்பு, ஆசை, மகிழ்ச்சி, துக்கம் என்று ஆறு அடிப்படை உணர்ச்சிகள். அவற்றில் நாடித்துடிப்பு, முகநிறம், கண்ணீர், பெருமூச்சு எல்லாம் எப்படி மாறும் என்று விவரம் விவரமாக வரும். உடற்கூறு விளக்கங்களில் பாதிக்கு மேல் இன்று செல்லாது, அவற்றை வேகமாகத் தாண்டுங்கள். ஐம்பதாவது பகுதியில் நில்லுங்கள். வேட்டை நாய் கௌதாரியைக் கண்டால் அதை நோக்கி ஓடும், துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மிரண்டு ஓடும், இது இயல்பு. பழக்கினால் கௌதாரியைக் கண்டதும் நிற்கும், வெடிச் சத்தம் கேட்டதும் பறவையை நோக்கி ஓடும். நாயிடமே இது முடியும்போது மனிதருக்கு ஏன் முடியாது என்கிறார். நாய்களைப் பழக்கி ஆராய்ந்த பாவ்லோவுக்கு இரண்டரை நூற்றாண்டு முன்பு.

என் தொழில்காரர்களுக்கு இன்னொன்று. 1644இல் வந்த ‘மெய்யியலின் கோட்பாடுகள்’ நூலை எலிசபெத்துக்குத்தான் காணிக்கையாக்கினார். அதன் நான்காம் பகுதியில் ஒரு சிறுமியின் கதை வருகிறது. கையில் அழுகல் நோய். அறுவை மருத்துவர் வரும்போதெல்லாம் அவள் கண்ணைக் கட்டிவிடுவார்கள். முழங்கைவரை கையை எடுத்துவிட்டு, தெரியாமலிருக்க அந்த இடத்தில் துணிக்கட்டு வைத்தார்கள். இல்லாத கையின் ஒரு விரலில் வலிக்கிறது, அப்புறம் இன்னொரு விரலில் வலிக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். விரலிலிருந்து மூளைக்குப் போன நரம்பு இப்போது முழங்கையில் முடிகிறது, அங்கே அது தூண்டப்பட்டால் மூளைக்கு விரல் வலியாகத்தான் தெரியும் என்று விளக்குகிறார். கால் எடுத்த நோயாளிகளின் மாயவலியைப் பற்றி எங்களுக்கு எடுக்கப்பட்ட வகுப்பில் டெகார்ட்டின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லாக்கின் ‘மனித அறிவு பற்றிய கட்டுரை’ மிகப் பெரியது, முழுக்க வேண்டாம். இரண்டாம் புத்தகத்தின் முப்பத்து மூன்றாம் அத்தியாயம் மட்டும் போதும், 1700ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தது. எண்ணங்கள் ஒன்றோடொன்று தற்செயலாக ஒட்டிக்கொள்வதைப் பற்றியது. பழைய டிரங்குப் பெட்டி கிடந்த ஓர் அறையில் நடனம் கற்ற இளைஞனுக்கு, அந்தப் பெட்டியோ அதைப் போன்ற ஒன்றோ இல்லாத அறையில் ஆட வராது என்று ஒரு கதை சொல்வார். என் மையத்தில் நன்றாக நடந்துவிட்டு வீட்டில் நடக்க மாட்டேன் என்கிறவர்களை நினைத்துச் சிரித்தேன்.

லைப்னிஸின் ‘மொனடாலஜி’ கடினம், பென்னட்டே தூக்கிப் பிடித்தாலும் கடினம்தான். ஆனால் பதினேழாவது பகுதியைத் தவறவிடாதீர்கள். சிந்திக்கும் இயந்திரம் ஒன்றை மாவரைக்கும் ஆலை அளவுக்குப் பெரிதாக்கி உள்ளே போய்ப் பார்த்தால், ஒன்றை ஒன்று தள்ளும் பாகங்கள்தான் தெரியும், ஓர் உணர்வை விளக்கும் எதுவும் தெரியாது என்கிறார். எம்ஆர்ஐ படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி "வலி எங்கீங்க தெரியுது?" என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. இதற்கு நேர் எதிரே, மருத்துவரான லா மெட்ரியின் ‘மனிதன் ஓர் இயந்திரம்’ இருக்கிறது. முரட்டு வாதம், படு சுவாரசியம். ஹ்யூமை நான் இன்னும் அரைகுறையாகத்தான் படித்திருக்கிறேன், அதனால் பேசாமல் விடுகிறேன்.

இப்போது குறைகள். பிடிஎஃப் பக்கங்கள் அகலவாக்கில், இரண்டு பத்தியாக இருக்கின்றன. கணினியில் அழகு, கைபேசியில் அவஸ்தை. இடது பத்தியைப் பெரிதாக்கிக் கீழே போய், மறுபடி மேலே வந்து வலது பத்திக்கு நகர வேண்டும். அச்சடித்துப் படிப்பது உத்தமம், கடிதங்களை நான் அப்படித்தான் படித்தேன். இரண்டாவது குறை, எல்லோர் குரலும் கொஞ்சம் பென்னட் குரலாகிவிடுகிறது. கான்ட்டும் ஹ்யூமும் ஒரே ஆள் பேசுவதுபோல ஒலிக்கும்போது என்னவோ இடிக்கிறது. மூலத்தில் கை வைக்கலாமா என்று இதை ஆட்சேபிக்கும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை, ஆனால் மூலத்தைப் பார்த்து மிரண்டு மூடி வைக்கிறவர்களுக்கு அவர்கள் வேறு வழி எதையும் காட்டக் காணோம்.

மூன்றாவதைக் குறை என்று சொல்வதைவிட எல்லை என்று சொல்லலாம். உளவியல் தத்துவத்தை விட்டுத் தனிக்குடித்தனம் போன இடம் இந்தத் தளத்தில் கிடையாது. உளவியல் உண்மையான இயற்கை அறிவியலாக ஆகவே முடியாது, உள்மன நிகழ்வுகளில் கணிதம் செல்லாது என்று 1786இல் கான்ட் எழுதியது இருக்கிறது. அதற்குப் பதில் போல, எடை தூக்கும்போதும் ஒளியைப் பார்க்கும்போதும் தோன்றும் உணர்வை அளந்து காட்டக் கிளம்பிய ஃபெக்னரின் 1860ஆம் ஆண்டு நூல் இல்லை. வுண்ட் இல்லை. தளத்தின் பெயரே எந்தக் காலத்து நூல்கள் என்று சொல்லிவிடுகிறது, புகார் செய்ய முடியாது. ஆனால் பாடநூலின் ஓட்டையை முழுக்க அடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். கான்ட்வரை கொண்டுவந்து விடும், அங்கிருந்து லைப்சிக்குக்கு வேறு வண்டி பிடிக்க வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? உளவியல் மாணவர்களுக்கு, வலியோடு வேலை செய்யும் மருத்துவர், செவிலியர், பிசியோக்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு. முதலில் 1643 கடிதங்கள், பிறகு 1645, பிறகு ‘உணர்ச்சிகள்’, அதற்குப் பிறகுதான் ‘தியானங்கள்’. அதிலும் ஆறாம் தியானத்தில், மாலுமி கப்பலில் இருப்பதுபோல நான் உடம்பில் இருக்கவில்லை, அதோடு ஒன்றாய்க் கலந்திருக்கிறேன் என்று சொல்லும் இடத்தைப் பார்த்துவிட்டு மற்றதுக்குப் போங்கள். மண்டிக்கார அண்ணனுக்கு நான் இப்போது மனசு என்ற சொல்லையே எடுப்பதில்லை. ஐரோப்பாவில் ஒரு ராஜா வீட்டுப் பெண்ணுக்கு வீட்டுக் கவலையில் மாதக்கணக்கில் காய்ச்சல் அடித்த கதையைச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கு அப்பறம் செரியாச்சுங்களா?" என்றுதான் கேட்டார். ஹெர்ஃபோர்ட் மடத்துக்குத் தலைவியாகி 61 வயதுவரை இருந்தார் என்றேன். உடற்பயிற்சியை இப்போது ஒழுங்காகச் செய்கிறார்.

ஒரு எச்சரிக்கை. பாடப்பணியிலோ ஆய்வுக் கட்டுரையிலோ மேற்கோள் காட்ட பென்னட்டின் வரிகளை எடுக்காதீர்கள். அவர் சேர்த்த சொல்லை டெகார்ட் சொன்னதாக எழுதிவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு லிசா ஷபீரோ மொழிபெயர்த்து சிகாகோ பல்கலைக்கழக அச்சகம் 2007இல் வெளியிட்ட கடிதத் தொகுப்பு இருக்கிறது, அதன் அட்டையில் எலிசபெத்தின் பெயர்தான் முதலில் வரும். அது இலவசம் இல்லை. நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.